பாடத் தெரியாத ஆம்பல்

வெண்ணீர்மடு என்ற ஏரியின் கரையோரத் தண்ணீரில் ஒரு நீர்க்கடம்பு மரம் நின்றது. அதன் உச்சியில் நெடுங்காலன் என்ற நத்தைகுத்தி நாரை கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. பெயர் குறுணி. காலையில் பனி இறங்கினால் மரத்தின் அடி மறைந்துவிடும். கூடு மட்டும் வெள்ளைப் புகையில் மிதப்பதுபோல இருக்கும்.

நத்தைகுத்தி நாரைகளுக்கு உரத்த குரல் கிடையாது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் அவற்றுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இரை தேடப் போன நாரை கூட்டுக்குத் திரும்பியதும் அலகைத் தட்டும். டக டக டக! கூட்டில் இருப்பதும் பதிலுக்குத் தட்டும். டக டக டக! ‘வந்துவிட்டேன்’ என்று ஒன்று சொல்கிறது. ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று மற்றது சொல்கிறது.

நெடுங்காலனின் துணையின் பெயர் ஆம்பல். குறுணி முட்டைக்குள் இருந்தபோதே அது மேற்கு வயலுக்கு இரை தேடப் போனது. திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து நெடுங்காலன் அலகைத் தட்டவில்லை. பதில் தட்ட யாரும் இல்லை. ஓசையில்லாமல் வரும். நத்தைச் சதையைக் குஞ்சின் வாயில் வைக்கும். ஓசையில்லாமல் போகும்.

ஒருநாள் குறுணி கேட்டது: “அப்பா, அம்மா எப்படி இருப்பா?”

 “அழகா இருப்பா” என்றது நெடுங்காலன்.

“அவ்வளவுதானா?”

நெடுங்காலன் குஞ்சின் தலையைக் கோதிவிட்டது.

கரையிலிருந்த புங்கமரத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மொட்டைவால் என்ற குரங்கு கிளைக்குக் கிளை தாவிக் கூட்டருகே வந்தது. அதன் கையில் ஒரு செல்போன். படகில் வந்த ஒருவரின் பையிலிருந்து பறித்தது. ஏரிக்கரைக் காவல் கோபுரத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

“என்னய்யா நெடுங்காலா, பிள்ளை கேக்குது, நீ முழிக்கிறே! இதுல ஏஐ இருக்கு. வாயால சொன்னா போதும். எட்டு நொடி ஓடுற வீடியோ பண்ணிக் கொடுக்கும். சத்தத்தோட! வாய் அசையுற நேரத்துக்குச் சரியா குரல் வரும். நேத்து நான் சிங்கத்து மேல சவாரி போறமாதிரி ஒண்ணு பண்ணேன். சிங்கம் என்னை ‘அண்ணே’ன்னு கூப்பிடுது!”

“நீ சிங்கத்தைப் பார்த்ததே இல்லையே?” என்றது நெடுங்காலன்.

“அதுக்குத்தானேய்யா இது!”

நெடுங்காலன் கழுத்தை நீட்டியது. “ஆம்பலைக் காட்டுமா?”

“எப்படி இருப்பான்னு சொல்லு. நீ சொல்றதைப் போடும். சொல்லாம விட்டதை அதுவே நிரப்பிக்கும்.”

நெடுங்காலன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. வெள்ளைச் சிறகு. கறுத்த சிறகோரம். பனிக்குள் ஒற்றைக் காலில் நிற்கும் நிலை.

“குரல்?” என்று கேட்டது மொட்டைவால்.

நெடுங்காலன் தயங்கியது. ஆம்பலுக்குப் பாட்டு வராது என்பது அதற்குத் தெரியும். ஆனால் இத்தனை நாள் நினைத்து நினைத்து, ஆம்பலைப் பற்றிய எல்லாமே அதற்கு இனித்துக் கிடந்தது. “தேன் மாதிரி குரல்” என்றது. “‘கண்ணே குறுணி, பக்கத்துல வா’ன்னு பாடிக் கூப்பிடணும்.”

மொட்டைவால் அதையெல்லாம் போனிடம் ஒப்பித்தது. கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்தது.

பனி விலகியது. ஒரு நாரை நின்றது. அதன் இறகில் விடியலின் ரோஜா நிறம் படிந்திருந்தது. தூரத்தில் தண்ணீர் சலசலத்தது. நாரை மெல்லத் திரும்பி, அலகைத் திறந்து பாடியது: “கண்ணே குறுணி, பக்கத்துல வா!” அலகு மூடியதும் குரலும் நின்றது. ஓர் இமைப்பொழுதுகூடப் பிசகவில்லை.

“அம்மா!” என்றது குறுணி.

நெடுங்காலன் திரையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது. 

“அப்பா, உங்க அலகு நடுவுல ஒரு சந்து இருக்கே. நான் பெரியவளானா எனக்கும் வரும்னு சொன்னீங்களே. அம்மாவுக்கு ஏன் அது இல்லை?”

நெடுங்காலன் அலகின் சந்து பற்றிச் சொல்ல மறந்திருந்தது. போன் தன் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தது.

“பேசாம பாரு” என்றது நெடுங்காலன்.

மொட்டைவால் போனைக் கூட்டுக்கு எதிரே, தண்ணீருக்கு மேல் நீண்டிருந்த மெல்லிய கிளையின் கவட்டில் சொருகியது. வீடியோ முடிந்து முடிந்து மறுபடி தொடங்கும்படி வைத்துவிட்டுப் போனது.

அன்றும் மறுநாளும் நெடுங்காலன் கூட்டைவிட்டு இறங்கவே இல்லை. பனி விலகும். நாரை திரும்பும். பாடும். மறுபடி பனி விலகும். பொழுது போவது தெரியவில்லை. மேகங்கள்கூட அந்தப் பாட்டுக்குத் தகுந்தபடி நகர்வதாக அதற்குத் தோன்றியது. சார்ஜ் குறைந்தால் மொட்டைவால் எடுத்துப் போய் ஏற்றிக்கொண்டு வந்தது. தன் கைவேலையை இவ்வளவு ரசிக்கிறவர் கிடைத்ததில் அதற்குப் பெருமை.

“அப்பா, பசிக்குது” என்றது குறுணி.

“இந்த ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்.”

மூன்றாம் நாள் காலையில் குறுணி சிரமப்பட்டுத்தான் தலையைத் தூக்கியது. அப்போதுதான் நெடுங்காலன் எழுந்தது. “நான் நத்தை கொண்டு வரேன். பயப்படாதே. அம்மா எதிர்லயே இருக்கா, பார்த்துக்குவா” என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

கூட்டில் குறுணி தனியாக இருந்தது. எதிரே பனி விலகியது. “கண்ணே குறுணி, பக்கத்துல வா!”

“இதோ வரேன்மா” என்றது குறுணி. கூட்டின் விளிம்பில் ஏறியது. மெல்லிய கிளையில் ஒரு காலை வைத்தது. பறக்க அதற்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

“பக்கத்துல வா!”

“வந்துட்டேன்மா.”

கீழே, பனிக்கு அடியில், மடுவில் வாழ்ந்த முதலை ஒன்று மெதுவாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டது.

நெடுங்காலன் அலகில் நத்தையோடு திரும்பி வந்தது. கூடு காலியாக இருந்தது. கிளையின் நடுவில் குறுணி தள்ளாடி நின்றது. கிளை தண்ணீரை நோக்கி வளைந்திருந்தது. தானும் அதில் போய் உட்கார்ந்தால் முறிந்துவிடும் என்று நெடுங்காலனுக்குத் தெரிந்தது.

“குறுணி! திரும்பி வா!” என்று கூப்பிட்டது. அதன் குரல் கூட்டைக்கூடத் தாண்டவில்லை. “பக்கத்துல வா!” என்று போன் கணீரெனப் பாடியது. குறுணி இன்னும் ஓர் அடி வைத்தது.

நெடுங்காலன் நத்தையைக் கீழே போட்டது. கூட்டில் நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இத்தனை நாள் தட்டாத அலகைத் தட்டியது.

டக டக டக!

குறுணி நின்றது.

டக டக டக!

குறுணி மெல்லத் திரும்பியது. அந்தச் சத்தத்தை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்திருந்தது. வெளிச்சம் இல்லாத, வெதுவெதுப்பான, உருண்டையான ஓர் இடத்தில் அது கேட்ட சத்தம். ஒன்று தட்டும், இன்னொன்று பதில் தட்டும். அதன்பின் வெதுவெதுப்பு கூடும்.

குறுணி தன் சின்ன அலகைத் திறந்து மூடியது. டக். டக். சரியாக வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அடியாகக் கூட்டை நோக்கி நடந்து வந்தது. நெடுங்காலன் தட்டுவதை நிறுத்தவே இல்லை. குஞ்சு சிறகுக்குள் வந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தது.

கிளை விடுபட்டு மேலே துள்ளியது. கவட்டிலிருந்த போன் தெறித்துத் தண்ணீரை நோக்கி விழுந்தது. கீழே காத்திருந்த வாய் படக்கென மூடியது.

“ஐயோ, என் போன்!” என்று கத்திக்கொண்டு புங்கமரத்திலிருந்து ஓடிவந்தது மொட்டைவால்.

“நான் எதுவும் பண்ணலப்பா” என்றது முதலை. “வாயைத் திறந்து வச்சிருந்தேன், அவ்வளவுதான்!” அது சொல்லி முடிப்பதற்குள் அதன் வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது: “கண்ணே குறுணி, பக்கத்துல வா!”

மொட்டைவால் திடுக்கிட்டு இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டது.

கூட்டில் குறுணி கேட்டது: “அப்பா, இப்ப தட்டினீங்களே, அது யாரோட சத்தம்?”

“உங்க அம்மாவும் நானும் தட்டிக்கிறது. அவளுக்குப் பாட வராதும்மா. ஒரு வரிகூட வராது. வயல்லேர்ந்து வந்ததும் இப்படித்தான் தட்டுவா. கொஞ்சம் அவசரமா தட்டுவா. மூணாவது தட்டு சறுக்கும்.”

“எங்க, அதே மாதிரி தட்டுங்க!”

நெடுங்காலன் தட்டிக் காட்டியது. மூன்றாவது தட்டைச் சறுக்கவிட்டது. குறுணி சிரித்தது.

“இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அப்படியே போட்டிருப்பேனேய்யா!” என்றது மொட்டைவால். “வேற போன் கிடைக்கட்டும், அலகுல சந்து வச்சு, டக டகன்னு சத்தம் வச்சு, புதுசா ஒண்ணு பண்ணித் தரேன்.”

“வேண்டாம் மொட்டைவாலு. நீ உன் சிங்கத்தைப் பண்ணிக்கோ. நான் நத்தை தேடப் போகணும். பிள்ளை பசியா இருக்கு.”

முதலையின் வயிறு இரண்டு நாள் பாடிவிட்டு ஓய்ந்தது. அதுவரை ஒரு மீன்கூட அதன் அருகே போகவில்லை. நெடுங்காலன் ஒவ்வொரு முறை கூட்டுக்குத் திரும்பும்போதும் பனிக்குள்ளிருந்து தட்டியது. குறுணியும் இருந்த இடத்திலிருந்தே பதில் தட்டியது.

பிரிந்துபோனவரை இல்லாத அழகோடும் குரலோடும் ஆக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அவர் நம்மோடு பழகிய சிறு வழக்கம் ஒன்றை விடாமல் காப்பதே அவர் விட்டுச்சென்றவரைக் காக்கும்.