மிச்சமெல்லாம் கூத்தனுக்கு

முன்னொரு காலத்தில், ராஜாவின் தூக்கம் கெட்டால் நாட்டில் யாருக்காவது புதிதாக ஒரு வேலை முளைக்கும் என்றிருந்த தேசம் ஒன்றை, கீர்த்திமாறன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவர் சபையில் பொன்னம்பலக் கூத்தன் என்றொரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். சம்பளம் வாங்கிய அன்றே அதைப் பறிகொடுப்பது அவன் தலையெழுத்து.

அரண்மனைக்குப் பின்புறம் ஒரு மாளிகை. நான்கு அறைகள். மாடியறையில் ஜோசியர் விண்ணாழியார், ஒன்றில் மல்லன் இடும்பன், ஒன்றில் கவிராயர் செவ்வந்தியப்பர், கீழே கிழக்குப் பார்த்த காற்றோட்டமான அறையில் நம் கூத்தன். வாடகை கிடையாது. ஆனால் அரண்மனை ஆட்கள் தினமும் காலையில் மொட்டை மாடியிலிருந்த இரண்டு தொட்டிகளை நிரப்பிவிட்டுப் போவார்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் விளக்கெரிக்க எண்ணெய். அதற்கான காசை மாதக் கடைசியில் நால்வரும் பகிர்ந்து கட்ட வேண்டும்.

யார் எவ்வளவு எடுத்தார் என்று எப்படித் தெரியும்? அதற்கொரு சம்பிரதாயம் இருந்தது. அவரவர் தம் உபயோகத்தை ஓலையில் எழுதி, முத்திரை வைத்துக் கஜானாவில் கொடுத்துவிடுவார்கள். சபையோர் முத்திரை வைத்த ஓலையைச் சந்தேகிப்பது சபையையே சந்தேகிப்பதாகும். ஆகவே எழுதியது எழுதியதுதான்.

மல்லன் எழுதினான்: ‘நான் ஆற்றில் குளிப்பவன். நாளொன்றுக்கு ஒரு சொம்புத் தண்ணீர், அதுவும் குடிக்க.’ கவிராயர் எழுதினார்: ‘நிலவொளியே எனக்கு விளக்கு. எண்ணெய் அரைக் கரண்டி. தண்ணீர் ஒரு செம்பு.’ ஜோசியரோ ஒருபடி மேலே போனார்: ‘விரதம் காப்பவன். விளக்கு வெளிச்சம் நட்சத்திரங்களுக்குப் பகை. ஆகவே ஒன்றுமில்லை.’ இதை எழுதிய கையோடு போய் நான்கு குடம் வெந்நீர் போட்டுக் குளித்தார்.

கூத்தன் அந்த மாளிகைக்குக் குடிவந்த முதல் மாதமே ஓர் ஓலை எழுதியிருந்தான். ‘மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் எனக்கு.’ எழுதும்போது அது பெருந்தன்மையாகத் தோன்றியது. மாதக் கடைசியில்தான் தெரிந்தது, அது பெருந்தன்மை இல்லை, மடத்தனம் என்று. ஒரு சொம்பு, ஒரு செம்பு, அரைக் கரண்டி போக மீதி இரண்டு தொட்டியும் அவன் தலையில் விழுந்தது. மூன்று மாதப் பாக்கி சேர்ந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். மூன்றாவது மாதமும் வந்துவிட்டது. ஜோசியருக்கு அந்தக் கிழக்கு அறைமேல் வெகுநாளாகக் கண். மாப்பிள்ளைக்கு என்று மனசுக்குள் ஒதுக்கியும் வைத்துவிட்டார்.

இக்காலம் போலக் கைபேசிக் குழுவில் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டுக் காணாமல் போகும் வசதி அப்போது இல்லை. ஆகவே நால்வரும் சபையிலேயே நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். சிம்மாசனத்தில் லேசாகக் கண்ணயர்ந்திருந்த ராஜா துள்ளி எழுந்தார்.

“போதும்! மாதாமாதம் இதே சொம்பு, இதே கரண்டி! இனி இந்தக் கணக்கு தானாகவே பிரிய வேண்டும். யாரும் கை வைக்கக் கூடாது. இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் கூடாது. யார் செய்து தருவீர்கள்?”

ஜோசியர் முந்திக்கொண்டார். “பிரபோ, நம் கூத்தரைவிடக் கெட்டிக்காரர் உண்டா? அமாவாசைக்குள் அவரே ஒரு பொறி செய்யட்டும். முடியாவிட்டால் அறையைக் காலி செய்யட்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஓலையை மாற்று, திருத்து என்று எங்களை அவர் தொந்தரவு செய்யலாகாது. இருக்கிற ஓலைகள் இம்மி பிசகாமல் நிறைவேற வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா.

கூத்தன் ஜோசியரை ஒரு தடவை பார்த்தான். பிறகு, கல்யாண விருந்துக்கு அழைப்பு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கும்பிட்டான். “உத்தரவு, மகாராஜா. இம்மி பிசகாது.”

கஜானாவிலிருந்து ஓலைகளின் நகல் வாங்கினான். ஒரு தச்சனைக் கூட்டிவந்தான். தொட்டிகளுக்குக் கனமான மூடி போட்டு, அரண்மனை அதிகாரியைக் கொண்டு முத்திரை வைத்தான். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் அறைக்கொரு மூங்கில் குழாய். மல்லனின் தண்ணீர்க் குழாயில் ஊசி நுழையும் துவாரம். நாள் முழுக்கச் சொட்டினால் சரியாக ஒரு சொம்பு. கவிராயருக்கும் அவர் ஓலைப்படி. ஜோசியருக்கும் பட்டு நூல் சுற்றி அழகாக ஒரு குழாய் வைத்தான், மரியாதைக்கு. துவாரம்தான் இல்லை. நாலாவது குழாய் தொடைப் பருமன். அது நேராகக் கூத்தனின் அறைக்குப் போயிற்று. ஒவ்வொரு குழாயிலும் அவரவர் ஓலையைத் தொங்கவிட்டான்.

மறுநாள் விடிந்தது. அன்று சனிக்கிழமை. மல்லன் இடும்பன் தலைமுதல் கால்வரை எண்ணெய் பூசி, தலையில் ஒரு படி சீயக்காயை அப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி குழாயடியில் குந்தியிருந்தான். மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

“ஏய் கூத்தா! தண்ணி நின்னுபோச்சுடா! கண்ணு எரியுது!”

கூத்தன் வந்து நின்றான். உதட்டின்மேல் விரலை வைத்தான். குழாயில் தொங்கிய ஓலையைக் காட்டினான்.

“கண்ணைத் தொறக்க முடியலைங்கறேன், ஓலையைக் காட்டுறியா? வாயைத் தொறந்து பேசுடா!”

கூத்தன் தலையை ஆட்டினான். ராஜாங்க உத்தரவு. மீறலாமா?

பொழுது சாய்ந்தது. கவிராயர் ராஜாமேல் ஒரு புகழ்ப்பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். ‘சூரியனே’ என்று தொடங்கியதும் விளக்கு அணைந்தது. எழுந்தவர் தட்டுத்தடுமாறிக் கதவில் முட்டிக்கொண்டார். எதிரே கூத்தனின் அறை தேர்த்திருவிழா மாதிரி ஜொலித்தது. நாற்பது விளக்கு. கட்டிலுக்கடியில்கூட இரண்டு.

“கூத்தரே, ஒரே ஒரு அகல் கொடுமய்யா. எதுகை பாதியில் நிற்கிறது!”

கூத்தன் வானத்தைக் காட்டினான். கவிராயரின் ஓலைப்படி அவருடைய விளக்கு அங்கேதான் இருந்தது. மேகம் மூடியிருந்ததற்குக் கூத்தன் பொறுப்பில்லை.

ஜோசியரோ ஒன்றும் கேட்கவில்லை. மானஸ்தர். இரண்டு நாள் குளிக்காமல், இருட்டில், வைராக்கியமாக இருந்தார். மூன்றாம் நாள் காலையில் மாளிகை வாசலில் ஏதோ பிளிறும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கூத்தனின் தண்ணீரில் பட்டத்து யானை குளித்துக்கொண்டிருந்தது. பாகன் அதற்குக் காதுக்குப் பின்னால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். யானை தும்பிக்கையால் ஒரு குடம் தண்ணீரை அனாவசியமாக வானத்தில் பீய்ச்சியது. ஜோசியரின் வைராக்கியம் அங்கே முடிந்தது.

மூவரும் சபைக்கு ஓடினார்கள். ராஜா மூக்கைச் சுளித்தார். “என்ன இது வாடை?”

“சீயக்காய், மகாராஜா” என்றான் இடும்பன். அது தலையிலேயே காய்ந்து கிரீடம் மாதிரி நின்றது.

“பிரபோ!” என்று ஜோசியர் கதறினார். “கூத்தன் செய்த பொறி பழுது! எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை!”

“கூத்தா, என்ன சொல்கிறாய்?”

கூத்தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினான். ராஜாவுக்குப் புரிந்தது. “சரி, வாயைத் திற.”

“அப்பாடா! மூன்று நாளாகத் தாடை வலிக்கிறது, மகாராஜா. பொறியில் பழுதில்லை. அதற்கு மூளை கிடையாது. சொன்னதை அப்படியே நம்பும். நம் கஜானாவைப் போலத்தான். ஒன்றுமே எடுப்பதில்லை என்று ஜோசியர் எழுதினார், ஒன்றுமே வரவில்லை. மிச்சம் எனக்கு என்று நான் எழுதினேன், அது என்னிடம் வந்தது. யானைக்கும் கொஞ்சம் கொடுத்தேன். ஓலை பொய் என்றால் சொல்லட்டும், அதை மாத்திரம் திருத்திவிடலாம்.”

மூவரும் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பொய் ஓலைக்கு முத்திரை வைத்தால் பாதித் தலை மழித்துக் கழுதைமேல் ஊர்வலம்.

“ஓலை மெய்தானா, ஜோசியரே?” என்றார் ராஜா.

“மெய்தான், பிரபோ. சத்தியமாக மெய்.” என்றார் ஜோசியர். “ஆனால்... விரதம் நேற்றோடு முடிந்தது.”

“ஆத்துல முதலை வந்துருச்சு, மகாராஜா” என்றான் இடும்பன்.

“நிலவும் தேய்ந்துவிட்டது” என்றார் கவிராயர். அது ஒன்றுதான் உண்மை.

அங்கேயே புது ஓலை எழுதினார்கள். மூன்று நாள் பட்ட பாட்டில் கை தாராளமாகிவிட்டது. ஜோசியர் இருபது குடம் எழுதினார். இடும்பன் இருபத்தைந்து. கவிராயர் காவியமே எழுதுமளவுக்கு எண்ணெய் கேட்டார். கஜானா அதிகாரி கூட்டிப் பார்த்துவிட்டு, “தொட்டிகள் இரண்டும் இதற்கே சரியாய்ப் போயிற்று, மகாராஜா. கூத்தருக்கு மிச்சம் ஏதுமில்லை. அவர் கட்ட வேண்டியதும் ஏதுமில்லை” என்றார்.

“போன மூன்று மாதமும் விரதம்தானா என்று விசாரிக்கட்டுமா?” என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

“எதற்கு வீண் சிரமம், பிரபோ! பழைய பாக்கியை நாங்களே கட்டிவிடுகிறோம்” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மாளிகையில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

“அறை உனக்கே. ஆனால் தண்ணீருக்கு என்ன செய்வாய், கூத்தா?”

“ஜோசியரால் இருபது குடத்தையும் ஊற்றிக்கொள்ள முடியாது, மகாராஜா. வழிவது மாடிப்படியில் இறங்கி என் வாசலுக்குத்தான் வரும். கவிராயர் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. வழியும் தண்ணீருக்கும் சிந்தும் வெளிச்சத்துக்கும் ஓலை எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லையே.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார். “அற்புதமான பொறி! இதேபோல் அரண்மனைக்கும் ஒன்று செய்.”

“இன்றே செய்கிறேன், மகாராஜா. மகாராணியாருக்கு ஒரு குழாய், மடைப்பள்ளிக்கு ஒரு குழாய், தங்களுக்கு ஒரு குழாய். தாங்கள் நாளொன்றுக்கு எவ்வளவு பன்னீர், எவ்வளவு சந்தனத் தைலம் உபயோகிக்கிறீர்கள் என்று மட்டும் திருக்கரத்தால் எழுதித் தர வேண்டும். சபையில் வாசித்துவிட்டு முத்திரை வைத்துவிடலாம்.”

ராஜா எழுத்தாணியை எடுத்தார். ஓலையைப் பார்த்தார். பக்கத்தில் மகாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

“பொறி உன் மாளிகையிலேயே இருக்கட்டும்” என்றார். மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே இரண்டாவது முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

“முதல் மாலை நீ பேசியதற்கு, கூத்தா. இது, இனிமேல் பேசாமல் இருப்பதற்கு.”

கூத்தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் கும்பிட்டான்.