சாமி முந்திட்டாரு

மலையடியில ஒரு சின்ன மடம். அங்க ஒரு சாமி. சமையலுக்கு மாடத்தி அக்கா. சிஷ்யன்னு பாத்தா ஒரே ஒருத்தர்தான், பலவேசம். பிரைவேட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. சாமியைவிட வயசுல மூத்தவரு. அதனால குரு சிஷ்யனை "அண்ணாச்சி"ம்பாரு. சிஷ்யன் குருவை "சாமி"ம்பாரு.

அண்ணாச்சி பஸ்ஸை விட்டுட்டாரே தவிர, பஸ் அவரை விடல. வாசல் கூட்டச் சொன்னா வெளக்குமாறு ஸ்ர்ர்ர்னு போயிரும், குப்பை அங்கனயே கெடக்கும். தியானத்துக்கு உக்காந்தா கண்ணை மூடுவாரு, ஒடனே தெறப்பாரு. "ஆச்சா சாமி? போலாமா?"

சாப்பாட்டுலதான் பாக்கணும் கூத்தை. மாடத்தி அக்கா சாம்பாரை ஊத்திட்டு நிமிர்றதுக்குள்ள, அண்ணாச்சி ரசத்துக்குக் குழி பறிச்சு வச்சிருப்பாரு. சாமியோ ஒரு அவரைக்காயை மென்னு முடிக்கவே வெயில் தாழ்ந்துரும். குரு எந்திரிக்காம சிஷ்யன் எந்திரிக்க முடியுமா? அண்ணாச்சி எச்சிக் கையைக் காயவச்சுக்கிட்டு, ரயில்வே கேட்டுல மாட்டுன வண்டி கணக்கா உறுமிக்கிட்டு உக்காந்திருப்பாரு.

"என்ன டிரைவரே, கேட்டு தெறக்கலையா?"ன்னு மாடத்தி அக்கா கேக்கும்.

"நீ சும்மா இரு தாயி."

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால, அண்ணாச்சி சாமிகிட்ட வந்தாரு.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் இங்க வர்றதுக்கு முந்தி எம் மக வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லாரும் உக்காந்தோம், சாப்பிட்டோம். நான் முடிச்சுட்டு எந்திரிச்சேன். அம்புட்டுதான். அவ மூஞ்சி செவந்துபோச்சு. 'அப்பா, நிதானமா இருக்கப் பழகிட்டு இந்த வாசலை மிதிங்க'ன்னுட்டா."

"ம்."

"அதுலருந்து பேத்தியைக் கண்ணுல காட்ட மாட்டேங்கா. போன் போட்டா மருமகன் எடுக்காரு. 'மாமா, அப்புறம் பேசுதேன்'னு வச்சிருதாரு. பிள்ளை சத்தத்தைக் கேட்டே ரொம்ப நாளாச்சு சாமி."

"ம்."

"வேகமா சாப்பிடுதேன், ஒத்துக்கிடுதேன். என் வாயி, என் வயிறு. இதுல அவளுக்கு என்ன இடைஞ்சல்? அது ஒண்ணுதான் எனக்கு வெளங்கல."

சாமி எந்திரிச்சாரு.

"வாங்க, சாப்பிடலாம்."

உக்காந்தாங்க. மாடத்தி அக்கா சோறு வச்சுது, சாம்பார் ஊத்துச்சு. அண்ணாச்சி அப்பதான் பெசைய ஆரம்பிக்காரு. எதுத்தாப்புல ஒரு சத்தம். களுக். அப்புறம் ஸ்ர்ர்ர். அண்ணாச்சி நிமிந்து பாக்காரு. சாமி இலையில ரசம் போயி, மோரும் போயி, இலை டப்புன்னு மடிஞ்சிருச்சு. சாமி எந்திரிச்சுட்டாரு.

அண்ணாச்சி இலையில அப்பளம்கூட நொறுங்கல. சாமி நிக்காரு. என்ன செய்ய? அவரும் இலையை மடிச்சுட்டு எந்திரிச்சாரு.

"ஓ, மடத்துல ரெண்டு டிரைவரு ஆயிட்டாங்களா?"ன்னுச்சு மாடத்தி அக்கா.

சாமிக்கு ஏதோ அவசர சோலி போலன்னு அண்ணாச்சி நெனைச்சாரு. பாத்தா, சாமி போயி மரத்தடியில சும்மாதான் உக்காந்திருந்தாரு.

மறுநாளும் அதே கதை. இந்தத் தடவை அண்ணாச்சி உஷாரு, உக்காந்ததும் டாப் கியரைப் போட்டாரு. ஆனா சாமி அன்னைக்கு மோர்லயே ஆரம்பிச்சு மோர்லயே முடிச்சுட்டாரு. அண்ணாச்சி வாயில வச்ச உருண்டையோட எந்திரிச்சாரு.

பொழுது சாய சாய வயிறு கத்துது. மெல்ல அடுக்களைப் பக்கம் போனாரு.

"தாயி, ஏதாவது மிச்சம்..."

"ரெண்டு பேரும் எந்திரிச்சாச்சேன்னு மாட்டுக்கு வச்சுட்டேனே. ஏன், பெரிய வயித்துக்குப் பத்தலையோ?"

அண்ணாச்சி நேரா சாமிகிட்ட வந்து நின்னாரு.

"சாமி, கோவிச்சுக்கிடாதீங்க. பசிக்குது."

"இலையில சோறு இருந்துச்சே அண்ணாச்சி."

"இருந்துச்சு."

"உங்களை யாராவது எந்திரிக்கச் சொன்னாங்களா?"

"சொல்லல."

சாமி தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் அண்ணாச்சி கொரல்லயே கேட்டாரு. "வேகமா சாப்பிடுதேன், ஒத்துக்கிடுதேன். என் வாயி, என் வயிறு. இதுல உங்களுக்கு என்ன இடைஞ்சல்?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அது எப்படி சாமி? நீங்க எந்திரிச்ச பொறவு நான் மட்டும் உக்காந்து திங்க..."

சிரிப்பு பாதியில நின்னுருச்சு. அப்படியே தரையில உக்காந்தாரு.

 தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"எம் பொண்டாட்டி பிள்ளைகளை அப்படித்தான் வளத்தா சாமி. அப்பா எந்திரிச்சா எல்லாரும் எந்திரிக்கணும்."

"ம்."

"எம் மக எப்பவும் கொஞ்சமாத்தான் சாப்பிடுவா. கோழி வயிறுன்னு கேலி பண்ணுவேன். அவளும் சிரிப்பா."

"ம்."

"அன்னைக்கு நான் எந்திரிச்சேன். பழக்கத்துல அவளும் எந்திரிச்சா. அவளைப் பாத்து பேத்தியும் எந்திரிச்சுது. பிள்ளை தட்டுல பெசைஞ்ச சோறு அப்படியே கெடந்துச்சு. அதைப் பாத்துத்தான்..."

மாடத்தி அக்கா ஒண்ணும் பேசாம வந்து இலையைப் போட்டுச்சு. சூடா சோறும் வத்தக்குழம்பும் வச்சுது. சாமியும் எதுத்தாப்புல ஒரு இலையை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அண்ணாச்சி கடைசி வாய் தின்னு முடிக்கிறவரைக்கும் சாமி ஒரு பழத்தை உரிச்சுக்கிட்டே இருந்தாரு.

மறுநாள் காலையில அண்ணாச்சி பையைத் தூக்கிக்கிட்டு வந்தாரு.

"மக வீட்டுக்குப் போறேன் சாமி. உள்ள விடுவாளான்னு தெரியல. விட்டா, என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேத்தி கை கழுவப் போனப்புறம் நீங்க எந்திரிங்க."

அண்ணாச்சி மெரண்டு போனாரு.

"அவ பருக்கை பருக்கையா திம்பா சாமி. நடுவுல பூனை பாக்கப் போயிருவா. திரும்பி வந்து கதை சொல்லுவா. விடிஞ்சிருமே."

"விடியட்டும் அண்ணாச்சி."