பகடை உருட்டாத மகாராஜா

ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் நாலு பேர் கதை ஆட்டம் ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாகி, பகடை உருட்டி, பெரிய எண் விழுந்தால் பிழைப்பார்கள். கதை சொல்கிற நாற்காலி ரத்னவேலுவுடையதாக இருந்தது. புதிதாக வந்த செவ்வந்தி அதில் உட்கார்ந்து பூதமாக மூக்கால் பேசினாள். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். ரத்னவேலுவுக்கு வயிறு எரிந்தது.

"இதோ பாரும்மா, கதையில நான் மகாராஜா. நான் எது கேட்டாலும் நீ 'முடியாது'ன்னு சொல்லக் கூடாது. சொன்னா நாற்காலி எனக்கு!" என்றான் அவன்.

"சரிங்க மகாராஜா. உங்களுக்குப் பகடைகூட வேண்டாம், நினைச்சதெல்லாம் நடக்கும்."

"டிராகனைக் கொன்னுட்டேன்!"

"செத்துப்போச்சு மகாராஜா."

"கோட்டையைப் பிடிச்சுட்டேன்!"

"இந்தாங்க சாவி."

ஐந்தே நிமிஷத்தில் பிடிக்க எதுவும் மிச்சமில்லை. அங்கே மற்ற இருவரான காசிமும் யாழினியும் பூதத்தின் கிணற்றில் மாட்டிக்கொண்டு, பகடை உருட்டி, "ஐயோ, செத்தேன்டி!" என்று கூத்தடித்தார்கள். மகாராஜா தனியாக முறுக்கு கடித்தார். வயிறு முன்னைவிட எரிந்தது.

"நானும் கிணத்துல குதிக்கிறேன்!"

"உங்களைப் பார்த்ததுமே பூதம் செத்துப்போச்சு மகாராஜா."

"டேய், ஆட்டத்தைக் கெடுத்துட்டியே!" என்று காசிம் கத்தினான்.

"எனக்கும் பகடை குடும்மா!" ரத்னவேலு கெஞ்சினான்.

"பகடை 'முடியாது'ன்னு சொல்லுமே, பரவாயில்லையா?"

"சொல்லிட்டுப் போகட்டும்!"

பூதம் உயிர்த்தெழுந்தது. ரத்னவேலு உருட்டினான். ஒன்று விழுந்தது.

"முடியாது, மகாராஜா!" என்றது பூதம், மூக்கால்.

முதலில் சிரித்தவன் ரத்னவேலுதான். நாற்காலியை அவன் மறந்தே போனான்.