உலகம்மாள் வீட்டுச் சாதகங்கள்

குயவர் தெருப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. மருந்து கொடுத்தவன் நயினார். சுடுகாட்டிலிருந்து நேரே தன் ஆசானான உலகம்மாள் வீட்டுக்கு வந்தான்.

உலகம்மாள் அந்தச் சீமைக்கே பேர்போன வைத்தியச்சி. நயினார் அவளுக்கு வயசில் மூத்த சீடன். இனிமேல் யார் கையையும் நாடி பிடித்துப் பார்க்கப்போவதில்லை, மாமனார் வயலை உழுது பிழைத்துக்கொள்கிறேன், உத்தரவு கொடுங்கள் என்றான்.

உலகம்மாள் பரண்மேல் இருக்கும் மரப்பெட்டியை இறக்கச் சொன்னாள்.

நயினார் பயபக்தியோடு இறக்கி வைத்தான். அவள் பூட்டன் சுடலையாண்டி வைத்தியர், கும்பினிக்காரன் காலத்தில் எமன் வாசல்வரை போனவனைக் குடுமி பிடித்து இழுத்து வந்தவர் என்பார்கள். அவர் வீட்டு ஏடுகள் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. வெளியாள் யாரும் பார்த்ததில்லை.

திறந்தான். மருந்துமுறை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் சாதக ஓலை. ஒரு செட்டியார் வீட்டுப் பெண். ஒரு வண்ணார் வீட்டுப் பையன். ஒரு கோயில் பட்டர்.

இவர்கள் எல்லாரும் உங்கள் சொந்தமா என்று கேட்டான்.

"பூட்டன் கையில மருந்து தின்னு செத்தவங்க."

செத்தவர் சாதகத்தை வீட்டில் வைக்கக் கூடாது, ஆற்றோடு விட்டுவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். பதினாறாம் நாள் கழிந்ததும் சுடலையாண்டி அந்த வீட்டுக்குப் போவாராம். ஆற்றுக்குப் போகிற ஓலையைக் கேட்டு வாங்கித் தன் வீட்டில் வைப்பாராம். பெண்டாட்டி அழுதும் பார்த்தாளாம், ஏசியும் பார்த்தாளாம். மனுசன் அசையவில்லை.

சில ஓலைகளில் கட்டமே இல்லை. சாதகம் எழுத வக்கில்லாத வீட்டுச் சனம். அவற்றில் அவர் கையெழுத்தே இருந்தது: 'பிறந்த நேரம் குறிக்க ஆளில்லை. போகையில் நான் பக்கத்தில் இருந்தேன்.'

நயினார் ஓலையைக் கீழே வைக்கவும் பயந்து, கையிலேயே வைத்திருந்தான்.

"இத்தனை பேரா?"

"பிழைச்சவங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்போ உங்க வீட்டு ஆளுங்க சாதகம்?"

"அதுவும் இதுக்குள்ளதான் கிடக்கும். அவரு பிரிச்சு வைக்கலை."

நயினார் ஒவ்வொரு ஓலையாகக் கண்ணில் ஒற்றி அடுக்கினான். பெட்டியை மூடிப் பரண்மேல் ஏற்றினான். பிறகு மெதுவாக, நான் போகட்டுமா அம்மா என்றான்.

உலகம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"போறதுன்னா போம். அந்தக் குயவர் தெருப் பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டுப் போறீரு?"