ஈரப் போர்வை

"எனக்குள்ளே ஒரு கோபம் இருக்கு. அதை எடுத்துப் போடணும். எத்தனை நாள் ஆகும்?"

மாசிலாமணி வாசலில் நின்றபடியே கேட்டார். தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை.

வேதநாயகி அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வெளியே வந்து, இவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தீட்சை கொடுக்கப் போகிறாராக்கும் என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல சூடு," என்றார் அந்த அம்மா. பிறகு அதே கையில் ஒரு ஊசியைக் கொடுத்தார்.

இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் முப்பது வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு சோதனை போட பஸ் இல்லை. வீட்டுக்குள் போட ஆரம்பித்தார். சாம்பாரில் உப்பு, பேப்பர்க்காரன் வரும் நேரம், சம்பந்தியின் மரியாதை, ஒன்றையும் விடவில்லை. கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும் என்று மனைவி வெகுகாலம் ஊருக்குச் சமாதானம் சொன்னாள். அப்புறம் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

மகள் இளவரசியின் வளைகாப்பில் சம்பந்தி வீட்டார் இவரை இரண்டாம் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். இவர் இலையை அப்படியே புரட்டிப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். வயிறும் பிள்ளையுமாக, கை நிறைய வளையலோடு, அந்தப் பெண் வாசல்வரை அழுதுகொண்டே வந்தது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழியில் பேரன் பிறந்தான், சம்பந்தி ஊரான கோத்தகிரியில். இவர் இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் போனில் நாலே வரி பேசினாள். "தை இருபத்தஞ்சு தொட்டில் போடுறோம். நீங்க வரணும்ப்பா. கோபத்தை எங்கேயாவது இறக்கி வச்சிட்டு வாங்க. முடியலேன்னா வராதீங்க."

அதற்குத்தான் தை இரண்டாம் தேதியே இங்கே வந்தது. ஊட்டிக்கும் மேலே, விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் ஊர். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும், இவரைவிட இருபது சின்னவர். ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவரைத் தேடி மலையேறி வந்தார்கள்.

பனிக்காலத்தில் தோட்டத்தில் இறங்க முடியாது. வீட்டுக்குள் இரண்டே வேலை. பழைய புடவை, வேட்டிகளைத் துண்டு போட்டு, ஒன்றோடொன்று சேர்த்து, அடுக்கி, போர்வை தைப்பது. தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பி விதை போட்டு, ஜன்னலோரம் வைத்து நாற்று எடுப்பது.

ஞானம் எப்போது என்று இவர் கேட்டார்.

"முதல்ல போர்வை. இங்க குளிர் தாங்காது," என்றார் அந்த அம்மா.

இவர் தைத்தார். தைத்தார் என்றா சொல்வது, குத்தினார். சம்பந்தியை நினைத்து ஒரு குத்து, பந்தி பரிமாறியவனை நினைத்து ஒரு குத்து. நூலை இழுத்த இழுப்பில் துணி சுருங்கிச் சுருங்கி வந்தது. அந்த அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது இவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம், சும்மா போகிறவரை என்ன செய்வது?

விதையும் அப்படித்தான். அந்த அம்மா போட்டது முட்டைக்கோஸும் நூக்கலும். அஞ்சாறு நாளில் பச்சைப் பசேலென்று தலை நீட்டின. இவருக்குக் கொடுத்தது மிளகாய் விதை. மிளகாய் வரவில்லை. மறுபடி போட்டார். அதுவும் வரவில்லை. விரலால் கிளறிப் பார்த்தால், போட்ட விதை போட்டபடியே கிடந்தது.

எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு சிரட்டையைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார். நல்ல விதையைத் தனக்கு வைத்துக்கொண்டு செத்த விதையைத் தன் தலையில் கட்டியது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்.

விதை நல்ல விதைதான், மிளகாய்க்குச் சூடு வேண்டும், இந்தக் குளிரில் மண்ணுக்குச் சூடு போதாது என்றார் அந்த அம்மா.

"அப்போ அடுப்போரம் வைக்க வேண்டியதுதானே?"

"அடுப்பு சாயங்காலம் சுடும். விடியக்காலம் அதுவே ஜில்லுன்னு கிடக்கும்."

பன்னிரண்டாம் தேதி போர்வை முடிந்தது. அந்த அம்மா வாங்கி, உள்பக்கம், இவர் வயிற்றுக்கு நேரே வருகிற இடத்தில் உள்ளங்கை அளவு ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு என்னவோ இருந்தது.

"இதை மட்டும் பிரிக்காதீங்க ஐயா."

அன்றிலிருந்து பிடித்தது சனியன். போர்வை நனைந்திருந்தது. முழுசாக இல்லை, அந்தப் பை இருக்கிற இடம் மட்டும்.

முதலில் கூரைமேல் சந்தேகம். ஏறித் தகரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், ஓட்டை இல்லை. அடுத்தது பூனை. அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி விசாரித்தார். அது கொட்டாவி விட்டது. பதினாறாம் தேதி மத்தியானம் எதேச்சையாக அறைக்குள் வந்தால், அந்த அம்மாவே போர்வையை மடியில் விரித்து, பையின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மலையே குளிரில் விறைத்துக் கிடக்கிறது, வயசானவன் போர்வையில் தண்ணீர் ஊற்றுகிறாயே, இதுதான் உன் ஞானமா என்று கத்தினார். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அந்த அம்மா தெளித்து முடித்து, போர்வையை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார்.

அன்றே கிளம்பியிருப்பார். மகள் சொன்ன நாலு வரிதான் பிடித்து நிறுத்தியது. கோபத்தோடு போனால் வாசலிலேயே நிற்க வேண்டும்.

அதனால் தினமும் அதே ஈரத்தைப் போர்த்திக்கொண்டு படுத்தார். புரண்டார். பல்லைக் கடித்தார். சம்பந்தியை மறந்தேபோனார், முழுக்க முழுக்க அந்த அம்மாமேல்தான் கொதிப்பு. குளிர் மட்டும் தெரியவில்லை.

இருபத்து நாலாம் தேதி காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நாளைக்குத் தொட்டில். ஒரு கோபத்தோட வந்தேன், ரெண்டு கோபத்தோட போறேன். நல்லா இருங்க."

சொன்னவர் சும்மா போனாரா? போர்வையை உதறினார். அந்தப் பையைப் பிடித்து ஒரே இழுப்பு. தையல் தெறித்தது. உள்ளே இருந்த துணி முடிச்சை வாசலில் விட்டெறிந்தார்.

அந்த அம்மா ஓடினார். இருபத்திரண்டு நாளில் அவர் ஓடி இவர் பார்த்ததில்லை. முடிச்சை உறைபனியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். இவர் முன்னால் உட்கார்ந்து மெல்லப் பிரித்தார்.

மிளகாய் விதைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு வால்.

இவர் குனிந்து பார்த்தார். தோளிலிருந்து பை தானாக நழுவியது.

"பன்னிரண்டு நாள்," என்றார் அந்த அம்மா. "மூணு வருஷமா நானும் வயித்துல கட்டிக்கிட்டுப் படுத்துப் பார்க்கிறேன். ஒண்ணுகூட வரலை. என் உடம்பு ஜில்லுன்னு இருக்கிற உடம்பு. நீங்க வந்த அன்னிக்குக் கையைத் தொட்டேன் பாருங்க, அப்பவே நினைச்சேன்."

இவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வாலை ஒடிக்காமல் நட வேண்டும். தீக்குச்சியால் மண்ணில் குழி போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். டிக்கெட்டை வாங்கிச் சோதித்தே பழகிய இவருடைய தடித்த விரலுக்கு அது லேசில் பிடிபடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். இருபத்து மூன்று விதை. ஒன்றும் ஒடியவில்லை. அதற்குள் காலை பஸ் போயிருந்தது. மத்தியான பஸ்தான் இனி.

சிரட்டைகளை வெயில்படும் இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, மகள் கேட்பாளே. இறக்கி வச்சாச்சான்னு கேட்பாளே. நான் என்ன சொல்ல?"

வேதநாயகி அம்மா இவருடைய வலது கையை மறுபடியும் பிடித்தார். முதல் நாள் மாதிரியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"கோத்தகிரியில இப்போ குளிர் எப்படி?"

"பல்லு கிட்டிப்போகும்."

"பச்சைப் பிள்ளையாச்சே," என்றார் அந்த அம்மா.

மாசிலாமணி அவரையே பார்த்தார். கிழிந்த போர்வையை வாரி எடுத்தார், ஈரமாக இருந்த இடத்தை ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டார், பஸ்ஸுக்கு ஓடினார்.

பஸ் கிளம்பி வளைவு திரும்பும் வரைக்கும் அவர் சத்தம் மேலே தோட்டத்துக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஜன்னலைச் சாத்துய்யா! அறிவு இருக்கா உனக்கு? நாளைக்கு இதுல ஒரு குழந்தை படுக்கணும். அதுக்குள்ள இந்த ஈரம் காய வேணாமா?"