இயக்குநர் நட்ட புங்கங்கன்று

ஏரி, காடு பராமரிப்பு வேலைக்கு இளைஞர்களைத் தயார் பண்ணும் பயிற்சி மையம் அது. அதன் இயக்குநர் தணிகாசலம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்ப்பார். ஏரிக்கரையில் ஒரு புங்கங்கன்றை நடுவார், போட்டோவுக்குச் சிரிப்பார், காரில் ஏறிவிடுவார்.

இந்த வருஷம் சான்றிதழ் கொடுக்க வந்தவருக்குத் திடீரென்று வீறாப்பு வந்துவிட்டது. நடுவதற்குக் கொடுத்த கன்றைக் கையில் பிடித்தபடியே முழங்கினார்.

"போன வருஷம் நீங்க சேர்ந்த அன்னிக்கு ஒரு கன்னு நட்டேனே, எங்கே அது? அது உயிரோட இருந்தாத்தான் உங்களுக்கெல்லாம் சான்றிதழ்!"

கரையில் ஒரு குச்சிகூட இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. எல்லோரும் பேயறைந்த மாதிரி நிற்க, பயிற்சி மாணவி செங்கமலம் மட்டும் முன்னால் வந்தாள்.

"நல்லா உயிரோட இருக்கு சார். உங்க கையிலதான் இருக்கு."

"என்ன உளர்றே?"

அவள் கன்றின் பிளாஸ்டிக் பையில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தாள். போன வருஷ விழாவுக்கு ஒட்டிய சீட்டில் அவர் பெயர் பல்லிளித்தது.

"நீங்க பையைக் கிழிக்காமலே நட்டுட்டுப் போயிட்டீங்க. அப்படியே விட்டிருந்தா செத்திருக்கும். உங்க கார் திரும்பினதுமே பிடுங்கி நர்சரியில வச்சிட்டோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் அவர் அத்தனை பேருக்கும் சான்றிதழ் கொடுத்துத் தொலைத்தார். பிறகு கன்றைப் பார்த்து முனகினார்.

"இப்ப இதை என்ன பண்றது?"

"அப்படியே பையோட நடுங்க சார். கார் திரும்பினதும் பிடுங்கிடுறோம். அடுத்த பேட்ச்சுக்கும் சான்றிதழ் வேணுமில்ல?"