கடைசி வரிசையில் ஆடிய எருமை

காட்டுக் குளக்கரையில், முதல் மழை பெய்த மறுநாள் காலை, விலங்குகள் எல்லாம் வட்டமாக நின்று கும்மி ஆடும். யாருக்கும் தடை கிடையாது.

எருமை மட்டும் போனதில்லை. தன் உடம்பை நினைத்து அதற்கு அத்தனை வெட்கம்! மூன்று வருடமாக மூக்கையும் கண்ணையும் மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் துணிந்து கரையேறிவிட்டது.

"நானும் ஆடட்டுமா, மயிலண்ணே?"

மயில் அன்று புதுசாக ஒன்று பண்ணியிருந்தது. வட்டம் பார்க்க லட்சணமாக இல்லையாம்! எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டது. மான்கள் முதலில், முயல்கள் அடுத்து, பன்றியும் குரங்கும் பின்னால். எல்லாருக்கும் முன்னால் யார்? கேட்கவே வேண்டாம்.

"இந்த உடம்பை வச்சுக்கிட்டா?" என்றது மயில்.

"ஆடட்டும் அண்ணே! குளத்துக்கு இன்னொரு கரை கிடைச்ச மாதிரி இருக்கும்!" என்றது குரங்கு. எல்லாம் சிரித்தன.

"சரி, கடைசியில் நில்லு. யார் கண்ணிலும் படாதே. ஓர் அடி தப்பினாலும் இனி எந்த வருஷமும் வரக்கூடாது!" என்றது மயில்.

எருமை கடைசியில் போய் நின்றது.

கும்மியில் எதிரே இருப்பவர் காலைப் பார்த்துத்தான் தாளம் பிடிக்க வேண்டும். வரிசையில் நின்றால் எதிரே என்ன தெரியும்? முதுகும் வாலும்தான்! மான் முந்தியது. முயல் பிந்தியது. குரங்கு பன்றியின் மேல் விழுந்தது.

"நிறுத்துங்க!" என்று மயில் அலறியது.

ஆனால் தாளம் நிற்கவில்லை. தொம்... தொம்... எல்லாம் திரும்பிப் பார்த்தன.

எருமை கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தது. ஈரக் கருந்தோல் வெயிலில் மின்னியது. அது ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தரை அதிர்ந்தது, குளம் முழுக்க அலை வளையங்கள் விரிந்தன, மரங்கள் மழைத்துளியை உதிர்த்தன. மூன்று வருடமாகப் பார்த்து மனப்பாடமான தாளம், ஓர் அடிகூடத் தப்பவில்லை. குரங்கின் வாய்கூட மூடிக்கொண்டது என்றால் பாருங்கள்!

"அம்மாடி! பூமியே சேர்ந்து ஆடுதே!" என்று மான் முணுமுணுத்தது.

பன்றி போய் எருமைக்கு எதிரே நின்று காலைத் தட்டியது. பிறகு மான்கள், முயல்கள், குரங்கு. யாரும் சொல்லாமலே வட்டம் கூடிவிட்டது. மயில் மட்டும் தனியாக நின்றது.

எருமை கண்ணைத் திறந்தது. "அங்கே ஏண்ணே நிக்கிறீங்க? என் பக்கத்துல இடம் இருக்கு, வாங்க!"

மயில் தோகையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தது.

உடம்பைப் பார்த்து ஒருவரை ஒதுக்கி வைத்தால், நாம் இழப்பது அவரை மட்டுமல்ல, நம் ஆட்டத்தையும்தான்.